‘பேஸ் கிட்டார் விற்பனைக்கு’: இரண்டு வரி விளம்பரம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் பிறந்ததும் தங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் இசைக்கருவிகள் தலைகாட்டத் தொடங்கும். ‘பேஸ் கிட்டார், நல்ல கண்டிஷன், விலை நேரில்’ என்று இரண்டு வரி, கீழே ஒரு கைபேசி எண். அதை நம்பித்தான் மார்த்தாண்டத்திலிருந்து பாறசாலைக்கும், நெய்யாற்றின்கரையிலிருந்து தக்கலைக்கும் பையன்கள் பஸ் ஏறுகிறார்கள். இந்தத் தமிழக-கேரள எல்லைப் பகுதியில் ஆலயப் பாடகர் குழுவிலும், அம்மன் கோயில் கொடைவிழா மெல்லிசையிலும், அந்தப் பக்கத்துக் கானமேளா என்ற மேடைக் கச்சேரியிலும், பாட்டுக்கு அடிநாதம் தரும் தடித்த கம்பிக் கிட்டாரான பேஸ் வாசிக்கிறவர்களில் பலருக்கு அது பிழைப்பல்ல, விருப்பம். பகலில் ரப்பர் பால்வெட்டோ கடையோ கல்லூரியோ இருக்கும். மாதக்கணக்கில் சேர்த்த பணம் அரைமணி நேரப் பேச்சில் கைமாறிவிடுகிறது. கழுத்து வளைந்த கிட்டார் பெயின்ட் பளபளப்பால் விலைபோவதும், கால் சுற்று முடுக்கினால் சரியாகிவிடும் கிட்டார் ‘கம்ப்ளெயின்ட்’ என்று மூலையில் கிடப்பதும் இதனால்தான். வாங்கப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும், விற்கிறவர் எதைச் சொல்ல வேண்டும் என்று தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன். கடைசியில் தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு.

முதலில் கழுத்து. பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 75 கிலோ எடைக்குச் சமம். இரவும் பகலும் அந்த இழுப்பைத் தாங்க மரத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அதுதான் ட்ரஸ் ராடு. கழுத்து எப்படி இருக்கிறது என்று பார்க்க, முழுச் சுருதியில் வைத்துவிட்டு, ஒரே கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்), கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். கம்பி இப்போது நேர்கோடு. ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி வேண்டும். அளந்து பார்க்க ஆசையிருந்தால், பைக் மெக்கானிக்குகள் டாப்பெட் வைக்கப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜ் போதும், 0.30 அல்லது 0.35 மி.மீ. தகடு உரசியும் உரசாமலும் நுழைய வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் கழுத்து முழுக்க நேராக இருக்கிறது, அல்லது பின்பக்கம் வளைந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் போல ஆவென்று திறந்திருந்தால் முன்பக்கம் வளைந்திருக்கிறது. இரண்டும் பயப்படும் விஷயமல்ல, ராடு வேலை செய்கிற வரையில்.

ராடு வேலை செய்கிறதா என்பதை விற்பவரின் அனுமதியோடு அவர் கண்ணெதிரிலேயே பார்த்துவிடுவது நல்லது. ராடின் முனையிலுள்ள நட்டை ஆலன் கீயால் வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும், முன்வளைவு குறையும். இடஞ்சுழியாகத் திருப்பினால் தளரும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. திருப்பியபின் மறுபடி சுருதி சேர்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். முடுக்கும்போது கடினமாக இருந்தால் கம்பிகளைத் தளர்த்திக்கொள்ளுங்கள். சாவி விஷயத்தில்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். அமெரிக்க வகைகளில் அங்குல அளவு, ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவு. 3/16 அங்குலம் என்பது 4.76 மி.மீ. அதில் 5 மி.மீ. ஆலன் கீ நுழையாது; 4.5 மி.மீ. நுழையும், நழுவும், நட்டின் உள்முனைகளை மழுக்கிவிடும். மழுங்கிய நட்டை வெளியே எடுப்பது பெரும்பாடு.

எந்தக் கிட்டாரை விட்டுவிட்டு வர வேண்டும் என்பதிலும் சந்தேகம் வேண்டாம். ராடின் நட்டு கடைசி வரை இறுகியும் கழுத்து வளைந்தே இருந்தால், நட்டு எந்தப் பக்கமும் அசையாவிட்டால், அல்லது கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் விலை பேசவே வேண்டாம். முறுக்கலைக் கண்டுபிடிப்பது சுலபம். தலைப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால், ஓட்டுக் கம்பு நேராக இருக்கிறதா என்று தச்சர் பார்ப்பாரே, அப்படிப் பாருங்கள். தடித்த ஈ கம்பி ஓரம் வளைந்தும் மெல்லிய ஜி கம்பி ஓரம் நேராகவும் தெரிந்தால் அது முறுக்கல். ராடு அதைச் சரிசெய்யாது. கழுத்தை மாற்றும் செலவு பல நேரங்களில் கிட்டாரின் விலையையே தாண்டிவிடும்.

‘கம்பி அடிக்குது’ என்ற ஒரே காரணத்துக்காக விலை இறங்கும் கிட்டார்கள் ஏராளம். எங்கே அடிக்கிறது என்று கேட்டால் பாதி வைத்தியம் முடிந்தது. விரல் வைக்காத வெறும் கம்பி மட்டும் கரகரத்தால் தலைப்பக்கத்து நட்டின் (கம்பிகள் உட்காரும் வெட்டுகளுள்ள துண்டு; ராடின் நட்டு அல்ல) வெட்டு ஆழமாகிவிட்டது. முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் கரகரத்தால் கழுத்து அளவுக்கு மீறி நேராகிவிட்டது, ராடைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பன்னிரண்டுக்கு மேலே கரகரத்தால் பிரிட்ஜ் சாடில், அதாவது உடல்பக்கத்தில் கம்பி உட்காரும் தாங்கி, தாழ்ந்திருக்கிறது, அல்லது அந்தப் பக்கத்து ஃப்ரெட்டுகள் எழும்பியிருக்கின்றன. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அதற்கடுத்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல்முனையிலிருந்து கம்பியின் அடிவரை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தால் 2 முதல் 2.5 மி.மீ. இருக்க வேண்டும். 4 மி.மீ. உயரத்தில் வைத்துவிட்டு ‘வாசிக்கக் கஷ்டமா இருக்கு’ என்று விற்றுவிடுகிறவர்கள் உண்டு. சாடிலின் சிறு திருகுகள் துருப்பிடிக்காமல் இருந்தால் பத்து நிமிட வேலை.

ஃப்ரெட் தேய்மானத்தை ஈ கம்பியின் மூன்று, ஐந்து, ஏ கம்பியின் மூன்று, ஐந்து ஆகிய இடங்களில் நகத்தால் தடவிப் பாருங்கள். ஜி, ஏ, சி, டி என்ற அடிச்சுரங்கள் அங்கேதான் விழுகின்றன. பாடகர் குழுக் கிட்டாரில் முதலில் பள்ளம் விழுவதும் அங்கேதான். நகம் சிக்காத தேய்மானம் பரவாயில்லை. நகம் விழுந்து நிற்கும் பள்ளமென்றால் ஃப்ரெட் சமன்செய்யும் கூலியை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

பிறகு சுருதி. பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேலே கம்பியை விரலால் லேசாகத் தொட்டு எழுப்பும் ஓசையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் சுரமும் டியூனரில் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் கூடுதலாகக் காட்டினால் சாடிலைக் கழுத்தை விட்டுத் தள்ளிப் பின்னால் நகர்த்துங்கள். குறைவாகக் காட்டினால் முன்னால். ஆனால் இதைப் பழைய, செத்த கம்பியில் செய்து பயனில்லை. சாடில் கடைசிவரை போயும் சுருதி சேரவில்லையென்றால் புதுக்கம்பி போட்டுப் பார்க்கும் வரை முடிவெடுக்காதீர்கள்.

கம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊரில் ஒரு கிட்டாருக்கு ஒரு செட் கம்பி என்று வாழ்நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் உண்டு. வாங்குமுன் தலைப்பக்கத்து நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட்வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 17 அங்குலம் வந்தால் வழக்கமான 34 அங்குலக் கிட்டார்; 15 வந்தால் 30 அங்குலச் சிறிய வகை. இரண்டுக்கும் கம்பி வேறு. நீளக் கம்பியைச் சிறிய கிட்டாரில் போட்டால் அதன் தடித்த சுற்றுப் பகுதி டியூனிங் தூணில் மடங்கி, அங்கே பழுதாகும். பொதுவான செட் 45, 65, 85, 105 என்று அட்டையில் இருக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு அது. மாற்றும்போது நாலையும் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்; கழுத்தின் இழுப்பு அப்படியே நிற்கும். தூணைத் தாண்டி நாலு அங்குலம் விட்டு, முதலில் மடித்து, அதன்பிறகே வெட்ட வேண்டும். மடிக்குமுன் வெட்டினால் சில வகைக் கம்பிகளில் மேல்சுற்று பிரிந்து ஓசை அடங்கிவிடும். பழைய கம்பியை வெந்நீரில் கொதிக்கவைத்தால் அழுக்குப்போய்ச் சில நாள் பளிச்சென்று ஒலிக்கும், உண்மைதான். ஆனால் சரியாக உலராவிட்டால் நம் கடற்கரைக் காற்றில் துரு ஓடிவந்து பிடித்துக்கொள்ளும்.

விற்பவர் அனுப்பும் கைபேசி வீடியோவை வைத்து ஓசையை முடிவு செய்யாதீர்கள். ஈ கம்பியின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பிக் கிட்டாரின் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். கைபேசியின் சிறு ஸ்பீக்கரிலிருந்து இந்த அடிச்சுரம் வராது; அதன் மேல்சுரங்களைத்தான் நாம் கேட்கிறோம். நேரில், ஓர் ஆம்ப்பில் (ஒலிபெருக்கிப் பெட்டியில்) செருகிக் கேட்டே ஆக வேண்டும். குமிழ்களைத் திருப்பும்போது வரும் கரகரப்பு பெரும்பாலும் தூசியும் களிம்பும். கான்டாக்ட் கிளீனர் இரண்டு பீய்ச்சு, இருபது முப்பது தடவை திருப்பல், அவ்வளவுதான். ஜாக் ஆடுகிறதென்றால் வெளி நட்டை மட்டும் முடுக்காதீர்கள். உள்ளே ஜாக் சேர்ந்து சுழன்று ஒயர் அறுந்துபோகும். தகட்டைக் கழற்றி ஜாக்கைப் பிடித்துக்கொண்டு முடுக்க வேண்டும்.

இரைச்சலில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரிசிஷன், ஜாஸ் என்று பேஸில் இரண்டு பிரபல வடிவங்கள் உண்டு. ஜாஸ் பேஸ் வகையில், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டும் ஒற்றைச் சுருள். ஒன்றை மட்டும் திறந்தால் ஊங்காரம் கேட்கும். இரண்டையும் முழுசாகத் திறந்தால் அடங்கும். அது கோளாறே அல்ல, அமைப்பே அப்படித்தான். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் உள் எர்த் சரியாக இருக்கிறது. தொட்டதும் கூடினால் ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கலாம். ஈயப்பற்றுத் தெரிந்தவருக்கு ஐந்து நிமிடம். பேட்டரி போடாத வகையில் மல்டிமீட்டரும் உதவும். கேபிளைச் செருகி, குமிழ்களை முழுசாகத் திறந்து, கேபிளின் மறுமுனைப் பின்னின் நுனியிலும் உடலிலும் மீட்டரின் முனைகளை வைத்தால் பிரிசிஷன் வகையில் 10 கிலோ ஓம் அளவில் காட்டும். ஜாஸ் வகையில் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் 7 முதல் 8, இரண்டும் திறந்தால் அதில் பாதி. எதுவுமே காட்டாவிட்டால் சுருளோ ஒயரோ அறுந்திருக்கிறது. 9 வோல்ட் பேட்டரி போடும் வகைக்குப் புதுப் பேட்டரியைக் கையோடு கொண்டுபோங்கள். பேட்டரி இறங்கினால் ஓசை உடைந்து பிசிறடிக்கும்; அதையே பெரிய கோளாறென்று நினைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும்.

தலையிலிருக்கும் பெயரை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. லியோ ஃபெண்டரின் நிறுவனம் பிரிசிஷன் பேஸை 1951-லும் ஜாஸ் பேஸை 1960-லும் கொண்டுவந்தது. அந்த இரண்டு வடிவங்களையும் உலகம் முழுக்கத் தொழிற்சாலைகள் நகலெடுத்தன. நகல் என்பதாலேயே மட்டமில்லை, நல்ல நகல்கள் உண்டு. ஆனால் நகலின் மேல் ஸ்டிக்கரை ஒட்டி அசல் விலை சொன்னால் அது மோசடி. தொடர் எண்ணை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஒப்பிடுங்கள். எண் பொருந்தினாலும் மாடல், நிறம், தயாரித்த நாடு மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள், ஏனென்றால் எண்ணையும் நகலெடுக்கிறார்கள். விரல்பலகை கருஞ்சிவப்பாக இருந்தால் அது பெரும்பாலும் ரோஸ்வுட், நம் ஈட்டி மரத்தின் இனம். பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டின் வணிகத்துக்கு 1992-இல் சர்வதேசத் தடை வந்த பிறகு, கிட்டார் உலகம் அதிகம் நாடிய மரங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டியும் ஒன்று. எங்கோ செய்யப்பட்டு எங்கெங்கோ சுற்றி வரும் கிட்டாரில் நம் மலையின் மரம் இருக்கக் காண்பது ஒரு சந்தோஷம்.

ஆம்ப் வாங்கும்போது பின்பக்கத் தகட்டை வாசிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பெட்டிகள் நம் பகுதியில் நிறையக் கைமாறுகின்றன. அவற்றில் 120 வோல்ட் மட்டும் என்று இருப்பதை நம் 230-இல் செருகினால் ஃப்யூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் வாட்ஸ், ஆம்ப் இழுக்கும் மின்சாரத்தைத் தாண்டி இருக்க வேண்டும். ஆம்ப் வெளியிடும் வாட்ஸ் வேறு, இழுக்கும் வாட்ஸ் வேறு. தகட்டில் இருப்பது பின்னதுதான். ஃப்யூஸ் இடத்தில் ஒயர் துண்டைச் சுற்றியிருந்தால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள். ஸ்பீக்கரை 1.5 வோல்ட் பேட்டரியால் ஒரு நொடி தொட்டால் ‘டப்’ என்று கூம்பு அசைய வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் மல்டிமீட்டரில் 6 அளவில் காட்டும், அது சரியே. 8 ஓம் பெட்டிகள் இரண்டை ஒன்றாக இணைத்தால் 4 ஓம். 4 ஓம் இரண்டை இணைத்தால் 2 ஓம், பெரும்பாலான ஆம்ப்கள் அதைத் தாங்கா. சாதாரண கிட்டார் ஆம்ப்பில் பேஸைச் சத்தமாக வாசித்தால் கூம்பு கிழியும். டிரம்ஸ் இருக்கும் இடத்தில் 15 வாட்ஸ் பெட்டி காதில் விழாது, 100 வாட்ஸாவது வேண்டும். ஆலயத்தில் மிக்ஸர் இருக்குமானால் அவ்வளவு பெரிய பெட்டிக்குச் செலவழிக்காமல் ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டார் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வாங்கிக் கேபிளை நேரே மிக்ஸருக்குக் கொண்டுபோவதே சிக்கனம்.

இரைச்சல் வருகிறதென்று பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, ஒடித்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இதைத் தயவுசெய்து பெரிய எழுத்தில் வெளியிடுங்கள். கிட்டார் கம்பி, பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக ஆம்ப்பின் இரும்பு உடலோடு இணைந்தது. ஆம்ப்பில் மின்கசிவு இருந்து எர்த்தும் இல்லாவிட்டால் அந்தக் கசிவு வாசிப்பவரின் விரலுக்கு வரும். அவர் பாடுவதற்கு மைக்கில் உதட்டை வைத்த கணமே மின்சாரம் அவர் உடல் வழியாகப் பாயும். 1972 மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் மைக்கைத் தொட்டபோது இப்படித்தான் உயிரிழந்தார். திறந்தவெளிக் கன்வென்ஷனிலும் கொடை மேடையிலும் ஜெனரேட்டர் ஓடும்போது, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற நம் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். வாசிக்குமுன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் வையுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் காரணம் தெரியும்வரை யாரும் தொடக் கூடாது. ஆம்ப், மிக்ஸர், கீபோர்டு எல்லாம் எர்த் உள்ள ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். இரைச்சலை நீக்க டிஐ பாக்ஸில், மிக்ஸருக்குப் போகும் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்டு லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கிறது. அதைத் தட்டினால் போதும், பின்னை ஒடிக்க வேண்டாம்.

இருபருவ மழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்பார்கள். ஜூனிலும் அக்டோபரிலும் அது நமக்குக் கனவு. வாசித்து முடித்ததும் கம்பியை அடியோடு சேர்த்துத் துணியால் துடையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் போடுங்கள். சாடில் திருகுகளில் தையல் மெஷின் எண்ணெய் ஊசிமுனை அளவு தொட்டுவையுங்கள். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். மழை மாறும்போதெல்லாம் அந்த விசிட்டிங் கார்டு சோதனையை ஒருமுறை செய்தால் போதும்.

விற்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ‘முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்’ என்று யாராவது சொன்னால் அது திருட்டு. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பார்சலில் அனுப்புவதானால் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, தலைக்கு அடியிலும் கழுத்துக்கு அடியிலும் செய்தித்தாள் சுருள்களை இறுக்கி வையுங்கள். பெட்டிக்குள் கிட்டார் அசையவே கூடாது. தலை தொங்கிக்கொண்டிருந்தால் ஒரு இறக்கிவைப்பில் முறிந்துவிடும்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இசைக்கருவி விளம்பரம் கொடுக்க வருகிறவர்களிடம் தங்கள் விளம்பரப் பிரிவு சில கேள்விகளைக் கேட்கட்டும். வரி கூடும், கட்டணமும் கொஞ்சம் கூடும். ஆனால் வீண் பஸ் பயணமும் மனத்தாங்கலும் குறையும். இப்படி ஒரு விளம்பரம் வந்தால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யாரும் நம்பிப் புறப்படலாம்:

‘நான்கு கம்பி பேஸ், 34 அங்குலம், பேட்டரி இல்லாத வகை, ஜாஸ் பிக்கப் இரண்டு. ட்ரஸ் ராடு இரு பக்கமும் திரும்பும். 12-ஆம் ஃப்ரெட்டில் 2.5 மி.மீ. ஈ கம்பி 3-ஆம் ஃப்ரெட்டில் லேசான தேய்மானம். டோன் குமிழ் கரகரக்கும். கம்பி பழையது. பில் உண்டு. ஆம்ப்பில் செருகி வாசித்துப் பார்க்கலாம்.’

இப்படிக்கு,
வாசகர்,
மார்த்தாண்டம்.